பழைய பெட்ஷீட்டில் ஜிப் இல்லாத தலையணை உறை

பெட்ஷீட் முதலில் நைந்துபோவது நடுவில்தான். ஓரத்துணி திடமாகவே இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரிகிற இடத்தை ஒதுக்கிவிடுங்கள்.

27க்கு 17 அங்குலத் தலையணைக்கு 62 அங்குல நீளம், 18 அங்குல அகலத்தில் ஒரே துண்டு போதும். கணக்கு இதுதான்: முன்பக்கம் 27, பின்பக்கம் 27, உள்மடல் 6, இரு முனை மடிப்புக்கும் தலா 1. அகலத்தில் இருபுறமும் அரை அங்குலம் தையலுக்கு. புதுத்துணி என்றால் துவைத்து, காயவைத்து, பிறகு வெட்டுங்கள். பருத்தி சுருங்கினால் உறை தலையணையை இறுக்கிவிடும்.

இரு முனைகளையும் அரை அங்குலமாக இரண்டு முறை மடித்துத் தையுங்கள். நல்ல பக்கம் மேலே தெரிய விரித்து, ஒரு முனையை 27 அங்குலம் உள்ளே மடியுங்கள். மீதி நிற்கும் 6 அங்குலத்தை அதன் மேல் மடித்துப் போடுங்கள். இங்கேதான் பலரும் தவறுவார்கள்: மடலை முதலில் மடித்துவிட்டால், திருப்பியதும் அது வெளியே வந்து நிற்கும்.

இனி இரண்டு பக்கமும் ஒரு தையல். மடல் உள்ள இடத்தில் மூன்று அடுக்கு சேர்வதால் 14ஆம் எண் ஊசி நல்லது. வாய்ப்பக்க மூலையில் முன்னும் பின்னுமாக இருமுறை ஓட்டுங்கள். தலையணையைத் திணிக்கும்போது முதலில் பிரிவது அதுதான். பழைய நூல்கண்டு வேண்டாம், இழுத்தால் அறுந்துவிடும். பிசிறுக்கு ஜிக்ஜாக் போட்டுத் திருப்புங்கள்.