கரண்ட்டை எவனோ நிறுத்தினாலும் பால் திரியக் கூடாது

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துப் பால் சொசைட்டியின் செயலாளர் நான். பாலைக் குளிரவைக்கும் கூலர் வைத்திருக்கும் மற்ற சொசைட்டிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், துணை மின்நிலைய பிரேக்கர்களை ஆஃப் செய்தார்கள். சுமார் 2,25,000 இணைப்புகள் இருண்டன. மெயிலில் வந்த ஒரு ஃபைலைத் திறந்ததுதான் அவர்களுக்கு வழிவிட்டது. ஆனாலும் சில மணி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது. ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கே போய் பிரேக்கரைக் கையால் போட்டார்கள். நமக்கும் அந்தக் கைவழி மறக்கக் கூடாது.

நம் ஊரில் மட்டும் பால் திரிந்தால் அது நம் நஷ்டம். ஒரே நாளில் மாவட்டம் முழுக்கத் திரிந்தால் மதுரையில் பச்சைப்பிள்ளைக்குப் பால் இருக்காது. விலை ஏறும், வதந்தி கிளம்பும். இப்படி வேண்டுமென்றே கரண்ட்டை நிறுத்தும் எதிரிக்கு வேண்டியதும் அதுதான்.

கரண்ட் போனதும் முதலில் கம்ப்ரஸரை அணையுங்கள். ஜெனரேட்டர் ஓட்டம் சீரான பிறகு, லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் தள்ளி, அப்புறம் கம்ப்ரஸரைப் போடுங்கள். ஜெனரேட்டரை வாரம் ஒருமுறை சும்மா ஓட்டிப் பார்த்தால் போதாது, கூலரை இழுக்கிறதா என்று பாருங்கள். டீசல் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். பங்க் பம்பும் கரண்ட்டில்தான் ஓடுகிறது.

ஜெனரேட்டரும் மக்கர் பண்ணினால்? 4 டிகிரிக்கு வந்த பால், மூடியைத் திறக்காவிட்டால் பல மணி நேரம் தாங்கும். ஆபத்து இப்போது கறந்து வந்த பாலுக்குத்தான். அதைக் குளிர்ந்த பாலில் ஊற்றாமல், கேனோடு தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, முதல் வண்டியில் ஏற்றுங்கள்.

பாலின் கொழுப்பை அளக்கும் ஃபேட் மெஷின் ஓடாவிட்டால், அதைக் கையாலேயே அளக்கும் கெர்பர் முறை. பியூட்டிரோமீட்டர் என்கிற அளவுக் கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் குழாய்ச் சுவர் வழியாக மெதுவாக 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடிக் குலுக்கும்போது குழாய் கொதிக்கும், துணியில் சுற்றித்தான் பிடிக்க வேண்டும். பிறகு கையால் சுற்றும் சென்ட்ரிஃபியூஜ் போதும். இளவட்டங்களுக்கு இதைக் கட்டாயம் பழக்குங்கள். அளவைப் பேரேட்டிலும் எழுதுங்கள்.

கூலரில் சிம் போட்டு தூரத்திலிருந்து பார்க்கும் வசதி இருந்தால், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். 'இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்' என்று வரும் மெசேஜில் உள்ள எண்ணுக்குப் பேசாதீர்கள், ஆப் எதையும் இறக்காதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-இல் கேளுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. இரண்டையும் போனில் மட்டும் வைக்காமல் சொசைட்டிச் சுவரிலும் பெயிண்டில் எழுதிவிடுங்கள்.