முதல் பனி விழும் முன்பே டிராக்டர் பிளேடைச் சரிசெய்து வையுங்கள்

பனி கொட்டும் ஊரில் நீளமான பாதையுள்ள வீட்டுக்குக் குடிவந்தவர்களுக்கு கார்டன் டிராக்டரும் பனி தள்ளும் பிளேடும் பெரிய துணை. ஆனால் பிளேடை மாட்டினால் மட்டும் போதாது. சரியாக அமைக்காத பிளேடு பாதையைக் கீறும், கல்லைப் பெயர்க்கும், வண்டியின் சட்டத்தையே வளைத்துவிடும். தரை உறைந்து விரல் மரத்துப்போன பிறகு ஸ்பேனர் பிடிப்பது கொடுமை. இலையுதிர் காலத்திலேயே இதை முடித்துவிடுங்கள்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பிரேக் போட்டு, பிளேடைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். முன் டயர் இரண்டிலும் காற்று ஒரே அளவா என்று பாருங்கள். ஒன்றில் குறைந்தாலும் பிளேடு சாய்ந்துதான் நிற்கும்.

அடுத்து ஸ்கிட் ஷூ. பிளேடின் இரு ஓரத்திலும் அடியில் தட்டு போல இருக்குமே, அதுதான். தார், கான்கிரீட் தரை என்றால் பிளேடுக்கும் தரைக்கும் 3 முதல் 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஜல்லிப் பாதைக்கு 25 மில்லிமீட்டர் வரை விடுங்கள். இல்லாவிட்டால் பனியோடு ஜல்லியும் புல்வெளிக்குப் போய்விடும். வேண்டிய கனத்தில் இரண்டு பலகைத் துண்டுகளை பிளேடின் இரு முனைக்கும் அடியில் வைத்து, பிளேடை அவற்றின் மேல் இறக்குங்கள். பிறகு ஷூ தரையைத் தொடும்வரை வாஷர்களை மாற்றிப் போட்டு இறுக்கினால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும்.

பிளேடை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பனிக்குள் மறைந்திருக்கும் கல்லில் மோதினால் பிளேடு மடங்கிக்கொடுத்து, பிறகு தானாக நிமிர வேண்டும். ஸ்பிரிங் அளவுக்கு மீறி இறுகியிருந்தால் அது மடங்காது. அடி முழுவதும் வண்டிக்கும் உங்களுக்கும்தான். தளர்வாக இருந்தாலோ ஈரப்பனியின் கனத்துக்கே படுத்துவிடும். தளர்வாகத் தொடங்கி, தேவைப்பட்டால் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இரண்டு ஸ்பிரிங் இருந்தால் இரண்டையும் சமமாக. விரலை மட்டும் சுருளுக்குள் விடாதீர்கள்.

பிளேடை இறக்கியதும் தூக்கும் லீவர் பூட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப பிளேடு தானே ஏறி இறங்கட்டும். அழுத்திப் பூட்டினால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. பின் சக்கரம் வழுக்காமல் இருக்க, டயரைச் சுற்றி மாட்டும் செயினும் கூடுதல் எடையும் கட்டாயம் போடுங்கள்.

பிளேடின் கீழ் விளிம்பில் போல்ட் போட்ட இரும்புப் பட்டை தேய்ந்திருந்தால், பல மாடல்களில் திருப்பிப் போடலாம். அதைத் தேயவிட்டால் அப்புறம் பிளேடே தேயும்.

முதல் பனியைப் பாதையின் ஓரத்தைத் தாண்டி நன்றாகத் தள்ளிவிடுங்கள். ஓரத்தில் குவிந்தது உறைந்துவிட்டால் அடுத்த பனிக்கு இடமிருக்காது. அன்று வேலை முடிந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அதிர்வில் சில தளர்ந்திருக்கும்.