இரண்டு வால்டர்களை ஒப்பிடுவது எப்படி?

இணைப் பிரபஞ்சக் கதைகளில் ஒரே கதாபாத்திரம் இரு வடிவங்களில் வந்தால், ஒருவர் நல்லவர், மற்றவர் கெட்டவர் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அதைவிடப் பயனுள்ள ஒப்பீட்டை எழுதும் முறையை, 2008 முதல் 2013 வரை அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘ஃப்ரிஞ்ச்’ தொடரின் விஞ்ஞானி வால்டர் பிஷப்பை வைத்து விளக்குகிறேன். இரு உலக வால்டர்களாகவும் ஜான் நோபிளே நடித்திருக்கிறார். மறு உலகத்தவரை ‘வால்டர்நேட்’ என்பார்கள். கதையின் முக்கியத் திருப்பங்கள் கீழே வெளிப்படுகின்றன.

படி 1: காட்சி எந்த உலகத்தில் நடக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பருவத்தில் அத்தியாயத்தின் தொடக்கத் தலைப்புக் காட்சி நீலமாக வந்தால் நம் உலகம், சிவப்பாக வந்தால் மறு உலகம். 2001-ல் தகர்க்கப்பட்ட நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் இன்னும் நிற்பதும் மறு உலகத்தின் அடையாளமே.

படி 2: இருவரின் வாழ்க்கையும் திசை மாறிய நிகழ்வைத் தேடுங்கள். இரண்டாம் பருவத்தின் ‘பீட்டர்’ அத்தியாயம் நம்மை 1985-க்கு அழைத்துச் செல்கிறது. நம் வால்டரின் மகன் பீட்டர் நோயால் இறந்துவிடுகிறான். மறு உலகப் பீட்டருக்கும் அதே நோய்; அவனுக்காக வால்டர்நேட் மருந்து தேடிக்கொண்டிருக்கிறார். மருந்து சரியாக அமைந்த அந்தக் கணத்தில் வால்டர்நேட்டின் கவனம் சிதறியதை வால்டர் இங்கிருந்தே பார்த்துவிட்டு, தானே மருந்தைத் தயாரித்து எடுத்துக்கொண்டு எல்லையைக் கடக்கிறார். கடக்கும்போது குப்பி உடைந்துவிடுவதால், சிறுவனையே இங்கு கொண்டுவர நேர்கிறது. இதை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஏனெனில் வால்டர்நேட்டின் பிற்காலக் கடுமைக்கு நாம் நேசிக்கும் வால்டர்தான் காரணம். ஒருவரின் செயல் மற்றவரின் வாழ்க்கையைக் கெடுத்திருக்கும் நிலையில், இருவரையும் தொடர்பில்லாத இரு தனி மனிதர்களாக வைத்து எடைபோடுவது சரியாக இராது.

படி 3: இருவர் முன்னும் ஒரே கேள்வியை வையுங்கள். தன் நோக்கம் நிறைவேறக் குழந்தைகளைச் சோதனைக்கு உட்படுத்துவார்களா? நம் வால்டர் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் சிறுவர்களுக்கு கார்டெக்சிஃபான் என்ற மருந்தைக் கொடுத்துச் சோதித்தவர். பாதுகாப்பு அமைச்சராகி, நம் உலகத்தையே அழிக்கத் துணிந்த வால்டர்நேட்டோ, அதே மருந்தைக் குழந்தைகளிடம் சோதிக்கலாம் என்ற யோசனை வரும்போது மறுத்துவிடுகிறார். நல்லவர், கெட்டவர் என்று போட்டுவைத்த பட்டியல் இந்த ஒரு பதிலிலேயே குலைந்துவிடுகிறது. என் பார்வையில் தொடரின் மிகக் கூர்மையான முரண் இதுதான்.

படி 4: நடிப்பைக் கவனியுங்கள். வால்டர் தடுமாறுவார், உதவியாளர் ஆஸ்ட்ரிடின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்வார், பிணப் பரிசோதனைக்கு நடுவிலும் தின்பண்டத்தைப் பற்றிப் பேசுவார். வால்டர்நேட் நிமிர்ந்து நின்று, குரலை உயர்த்தாமலேயே ஆணையிடுவார். இதைக் குணவேறுபாடு என்று எழுதும் முன், வால்டர் 17 ஆண்டுகள் மனநல மருத்துவமனையில் இருந்தவர் என்பதையும், அவர் கேட்டுக்கொண்டதன் பேரிலேயே நண்பர் வில்லியம் பெல் அவரது மூளையின் பகுதிகளை அகற்றினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தான் ஆகிக்கொண்டிருந்த மனிதரைக் கண்டு அவரே அஞ்சியிருக்கிறார்.

படி 5: நான்காம் பருவக் குறிப்புகளைத் தனித்தாளில் எழுதுங்கள். அங்கு காலவரிசையே மாறி, பீட்டர் பெரியவனாக வளராத உலகங்கள் வருகின்றன. ஆய்வகத்தை விட்டு வெளியேற அஞ்சும் அந்த வால்டரை முதல் மூன்று பருவ வால்டரோடு கலந்துவிடாமல், மூன்றாமவராகவே வைத்து ஒப்பிடுங்கள்.