முழங்கால் பாடத்தை நாற்காலியில் தொடங்குங்கள்

யோகா ஆசிரியர் பயிற்சியில் முழங்கால் என்றதும் படத்தை மாட்டிப் பெயர்களை ஒப்பிக்க வைத்துவிடுகிறோம். பெயர் மனப்பாடமாகிவிடும். ஆனால் "பத்மாசனத்தில் எனக்கு ஏன் முட்டி வலிக்கிறது?" என்று நாளை ஒருவர் கேட்டால் பதில் வராது. அதனால் நான் படத்தைக் கடைசியில்தான் காட்டுவேன். ஆளுக்கொரு நாற்காலியும் முட்டிக்கு மேல் சுருட்டக்கூடிய உடையும் இருந்தால் போதும்.

1. சில்லு

தரையில் காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். தொடையைத் தளர்த்தினால் முட்டிச் சில்லு விரலுக்கு அசையும். இறுக்கினால் மேலேறி நின்றுவிடும். தொடைத் தசையின் நாருக்குள் பொதிந்த எலும்பு அது என்பது அப்போதே புரியும்.

2. திரும்புவது எது?

பாடத்தின் உயிர் இதுதான், அவசரப்படாதீர்கள். நாற்காலியில் முட்டியை 90 பாகைக்கு மடக்கி, குதிகாலைத் தரையில் ஊன்றி, முட்டிக்குக் கீழே இரு கைகளாலும் பிடிக்கட்டும். இப்போது கால்விரல்களை உள்ளும் வெளியும் திருப்பினால், தொடை அசையாது. கீழ்க்கால் எலும்பு மட்டும் கைக்குள் திரும்பும். அடுத்து காலை முழுதாக நீட்டித் திருப்பச் சொல்லுங்கள். தொடையும் சேர்ந்து, இடுப்பிலிருந்தே கால் முழுவதும் திரும்பும். நீட்டி முடிக்கும் கடைசிக் கணத்தில் கீழ்க்கால் எலும்பு சற்றே வெளிப்புறம் திரும்பி மூட்டு பூட்டிக்கொள்வதுதான் காரணம். மடங்கிய முட்டிக்கு இந்தப் பூட்டு இல்லை. வீரபத்ராசனத்தில் மடங்கி நிற்கும் முன்கால் முட்டி, விரல்கள் நோக்கும் திசையிலேயே இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

3. ஜவ்வுகள்

ஒரு கணுக்காலை மறுமுட்டியின் மேல் போட்டு உட்கார்ந்தால், மேலே கிடக்கும் முட்டியின் வெளிப்பக்கத்தில் கயிறு மாதிரி ஒன்று விரலில் தட்டுப்படும். அது வெளிப்பக்க ஜவ்வு, அதாவது எலும்போடு எலும்பைப் பிணைக்கும் கட்டு. உள்பக்க ஜவ்வு பட்டையானது, அவ்வளவு எளிதில் பிடிபடாது. மூட்டுக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு உண்டு. அவற்றுக்கு இரு விரல்களைப் பின்னிக் காட்டினால் சரி.

4. மெனிஸ்கஸ்

இரு எலும்புகளுக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்பு மெத்தைகள். உள்பக்க மெத்தை உள்பக்க ஜவ்வோடு ஒட்டியிருப்பதால், முட்டி முறுக்கப்படும்போது அதனால் எளிதில் விலகிக்கொள்ள முடியாது. மெத்தைகளின் உள்விளிம்புக்கு ரத்த ஓட்டமும் கிடையாது. அங்கே கிழிந்தால் தானாக ஆறுவது அரிது. பயிற்சியாளர்களிடம் நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதைத்தான்.

5. பத்மாசனம்

இப்போது கேள்விக்கு வரலாம். பாதம் மறுதொடை மேல் ஏற, தொடை எலும்பு இடுப்புக் குழியில் வெளிப்புறம் திரும்ப வேண்டும். இடுப்பு இடம் கொடுக்காதபோது பாதத்தைக் கையால் இழுத்தால், அந்தத் திருப்பம் முழுவதும் முட்டியில் விழும். முதலில் முட்டியை முழுதாக மடக்கி, பிறகு தொடையோடு சேர்த்துக் காலைத் திருப்பச் சொல்லுங்கள். மடித்த போர்வை மேல் உட்கார வையுங்கள். இடுப்பின் வெளிப்பக்கம் இழுத்தால் பொறுக்கலாம். முட்டிக்குள் சுருக்கென்றால் அந்த நொடியே பாதத்தை இறக்கிவிட்டு, சுகாசனத்தில் அமரட்டும்.