மலையில் இருந்து கீழே இறங்குகிறீர்களா? விட்டுப்போன வெயில் பழக்கத்தைத் திரும்பப் பிடிக்கும் வழி

கொடைக்கானலில் ஒரு மாதம் இருந்துவிட்டுச் சித்திரை வெயிலில் வத்தலக்குண்டில் இறங்கி, மறுநாளே முழு நாள் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பிறந்து வளர்ந்த ஊர் வெயில்தானே என்ற தைரியம். உடம்புக்கு ஊர்ப்பாசம் கிடையாது. ஏறக்குறைய 1,800 மீட்டர் இறக்கம்; 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி என்று வைத்தால்கூட 11, 12 டிகிரி கூடிவிடும்.

முதலில், மேலே எத்தனை நாள் இருந்தீர்கள் என்று பாருங்கள். நாலைந்து நாள் என்றால் கவலை இல்லை. ஒரு வாரம் தாண்டினால் பழக்கம் நன்றாகவே குறையும், ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். வெயிலுக்குப் பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கும், வியர்வையில் உப்பை அதிகம் விடாது, ரத்தத்தில் நீர் கூடியிருப்பதால் இதயமும் நிதானமாகத் துடிக்கும். குளிரில் இருக்க இருக்க இதெல்லாம் தலைகீழாகும்.

அடுத்து வேலை நேரம். ஓரிரு வாரம் மட்டும் விலகியிருந்தால் முதல் நாள் பாதி வேலை, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் முழு வேலை. ஒரு மாதம் ஆகியிருந்தால் புது ஆள் கணக்குதான்: முதல் நாள் 20 சதவீதம், அதாவது எட்டு மணி நேர வேலையில் ஒன்றரை மணி நேரம், பிறகு நாளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கப் போகிறவர்களுக்கு இது சுலபம், அதிகாலை வேலை என்பதால் வெயில் ஏறும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தால் மட்டும் பழக்கம் திரும்பாது, வெயிலில் கை கால் அசைய வேண்டும்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். முதல் வாரம் உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் நல்லது (பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்).

தலை சுற்றினால், குமட்டினால் அன்றைக்கு வேலை முடிந்தது, நிழலுக்கு வந்துவிடுங்கள். பேச்சுக் குழறினாலோ ஆள் தடுமாறினாலோ 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

பழகிய பிறகு சனி, ஞாயிறு மேலே போய்வரலாமா என்றால், தாராளமாகப் போகலாம். இரண்டு நாளில் எதுவும் குறையாது, திங்கட்கிழமை வழக்கம்போல முழு நேரம் பார்க்கலாம்.