காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையைத் தனியே விளையாடப் பழக்குவது எப்படி?

ஒரு வயது முதல் இரண்டரை வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது ஒத்துவரும். சுமார் 8 மாதத்தில் தொடங்கும் பிரிவுப் பயம், பல பிள்ளைகளுக்கு ஒன்றரை வயதுவரை வலுவாகவே இருக்கும். அம்மையின் சேலையைப் பிடித்துத் தொங்குவதை அடம் என்று நினைக்காதீர்கள். கண்ணில் படாமல் போன ஆள் திரும்பி வருவாளா என்பது பிள்ளைக்கு இன்னும் உறுதியாகவில்லை. வருவாள் என்று காட்டிக் கொடுப்பதுதான் இங்கே வேலை.

1. சாமான்: குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்து வீடுகளில் எல்லாமே இருக்கும். பெரிதும் சிறிதுமாக மூன்று சிரட்டை (கொட்டாங்குச்சி), இரண்டு எவர்சில்வர் டம்ளர், வாயகன்ற பிளாஸ்டிக் டப்பாவுக்குள் திணித்த ஒரு பழைய துவர்த்து (மெல்லிய துண்டு). சிரட்டையின் நாரைச் சுரண்டி, விளிம்பைக் கருங்கல்லில் உரசுங்கள். விரலை ஒரு சுற்று ஓட்டும்போது எங்கும் சிராய்க்கக் கூடாது. இதற்கு மேல் எதையும் அடுக்காதீர்கள். பத்துப் பொருள் கிடந்தால் பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு உங்களிடமே வரும்.

முற்றத்தில் கிடக்கும் ரப்பர் கொட்டை, மஞ்சாடி என்ற சிவப்பு விதை, குன்றிமணி மூன்றும் கூடவே கூடாது. தொண்டையில் அடைக்கும், ரப்பர் கொட்டையிலும் குன்றிமணியிலும் விஷமும் உண்டு. தண்ணீர் வாளியையும் அப்புறப்படுத்துங்கள்.

2. நேரமும் இடமும்: தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த பிறகு. அடுக்களை வாசலுக்கு வெளியே, உங்கள் முகம் தெரியும் இடத்தில் பாயை விரியுங்கள்.

3. முதலில் 10 நிமிடம் முழுசாக அதனோடு விளையாடுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். இதை விட்டுவிட்டு அடுத்த படிக்குத் தாவினால் எதுவும் நடக்காது.

4. விலகல்: இங்கேதான் பொறுமை வேண்டும். முதல் மூன்று நாள் பக்கத்திலேயே கையைக் கட்டி இருங்கள். விளையாட்டில் கை வைக்காதீர்கள். அடுத்த மூன்று நாள் அங்கேயே துணி மடியுங்கள். பிறகு நாலடி தள்ளி உட்கார்ந்து காய் நறுக்குங்கள். அதுவும் பழகியபின், "மக்களே, அம்மை தண்ணி எடுத்திட்டு வாறேன்" என்று சொல்லி அரை நிமிடம் மறையுங்கள். சிணுங்கும் முன்பே திரும்பி, "வந்திட்டேன்" என்று சொல்லுங்கள். அது சரியாக நடந்தால் ஒரு நிமிடம், பிறகு இரண்டு. அந்த நேரமெல்லாம் பாட்டியோ வேறு பெரியவரோ கண் வைத்திருக்க வேண்டும்.

பெரும்பாலும் கெடுப்பது சொல்லாமல் நழுவுவதுதான். ஒருமுறை ஏமாந்த பிள்ளை மறுநாள் பாயிலேயே உட்காராது, உங்கள் காலையே பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொன்று, டம்ளருக்குள் சிரட்டை நுழையுமா என்று அது மும்முரமாகப் பார்க்கும்போது "சமத்து!" என்று குரல் கொடுப்பது, கவனம் அங்கேயே அறுந்துவிடும். அது தலைதூக்கிப் பார்க்கும்போது சிரித்தால் போதும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழையில் வெளியே விட முடியாத நாளில் போனைக் கொடுக்கத் தோன்றும். கொடுத்தால் அப்புறம் சிரட்டை எடுபடாது.

இரண்டு வயதில் 10 நிமிடம் கிடைத்தாலே நல்ல கணக்கு. காய்ச்சல் வந்தாலோ, வீட்டில் தம்பி தங்கை பிறந்தாலோ பழையபடி ஒட்டிக்கொள்ளும். அப்போது இரண்டு நாள் மடியிலேயே வைத்திருந்து, துணி மடிக்கும் கட்டத்திலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.