ஹிப் ஹாப்பும் விசுவாசமும்: நாம் அவசரத்தில் செய்கிற தவறுகள்

வாலிபர் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருவன் வந்து தன் இயர்போனில் ஒன்றை என் காதில் வைத்தான். தாளம் இல்லை, இசையும் இல்லை. கரகரத்த குரலில் ஒரு மனிதர் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருந்தார். "அண்ணா, இது ஜெபமா, பாட்டா?" என்று கேட்டான்.

டிஎம்எக்ஸ் என்ற ராப் பாடகரின் முதல் ஆல்பத்தில் வருகிற ஜெபம் அது. அதே ஆல்பத்தில் துப்பாக்கியும் ரத்தமும் கெட்ட வார்த்தையும் ஏராளம். அது தெரிந்ததால்தான் அவன் கேட்டான். அவனுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து கேட்கவும் படிக்கவும் தொடங்கியபோதுதான், இந்த விஷயத்தில் நாம் எத்தனை முடிவுகளை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிறோம் என்று தெரிந்தது.

ராப் பாட்டு வளர்ந்த ஹிப் ஹாப் இசை பிறந்ததே துப்பாக்கிக்கும் தங்கச் சங்கிலிக்கும்தான் என்று நினைப்பது முதல் தவறு. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், சின்டி கேம்ப்பெல் என்ற பெண் பள்ளி திறப்பதற்கு முன்னால் புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்க ஒரு பார்ட்டி வைத்தாள். இடம், அவர்கள் குடியிருந்த 1520 செட்ஜ்விக் அவென்யூ அடுக்குமாடியின் பொதுக்கூடம். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டு ஓட்டியது அவளுடைய அண்ணன் கிளைவ், அதாவது கூல் ஹெர்க். ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம் அது. பாட்டில் மேளம் மட்டும் தனியாக ஒலிக்கிற சில நொடிகளுக்குத்தான் கூட்டம் துள்ளி ஆடுகிறது என்று கவனித்தவர் அவர். அந்த நொடிகளையே இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி நீட்டினார். அவ்வளவுதான் தொடக்கம். 1982ல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழு சேரி வாழ்க்கையின் மூச்சுமுட்டலைப் பாட்டில் கொண்டுவந்தது. கிராக் என்ற கோகெய்ன் போதையும் அதையொட்டிய சிறைவாசமும் அந்தத் தெருக்களை எண்பதுகளில் சூறையாடின. தெருவில் நடந்தது பாட்டிலும் வந்தது. அது நன்றாக விற்கிறது என்று கம்பெனிகள் கண்டுகொண்ட பிறகு, வேறு எதையும் விற்க அவை அவ்வளவாக விரும்பவில்லை. மாற்றம் இந்த வழியில் வந்தது. அதற்காகப் பழைய ஹிப் ஹாப் முழுக்கத் தூய்மையானது என்று சொல்லிவிடவும் கூடாது. பெருமையடிப்பது அன்றைக்கும் இருந்தது.

அடுத்தது சபை செய்கிற தவறு. 1993 ஜூனில், நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் அபிசீனியன் பாப்டிஸ்ட் சபைப் போதகர் கால்வின் பட்ஸ், ராப் கேசட்டுகளை நசுக்குவதற்காக ரோடு ரோலரையே வரவழைத்தார். பெண்களை இழிவுபடுத்துகிற வரிகளைப் பற்றி அவருக்கு இருந்த கோபம் நியாயமானது. நானும் அதில் அவர் பக்கம்தான். ஆனால் எதிர்த்து நின்றவர்களும் அதே தெருப் பிள்ளைகள். அவர்கள் வழிமறித்ததால் வண்டி ஓடவில்லை. போதகரின் ஆட்கள் கேசட் பெட்டிகளை இசைக் கம்பெனியான சோனியின் அலுவலக வாசலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்தப் பிள்ளைகள் ஏன் இதைக் கேட்கிறார்கள் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலை அப்படியே மிச்சம் நின்றது.

இன்னொரு பழைய கதையும் இங்கே உதவும். இன்று கறுப்பின சபைகளின் உயிர்நாடியாக இருக்கிற காஸ்பல் என்ற சுவிசேஷ இசைக்குத் தந்தை என்று போற்றப்படுபவர் தாமஸ் டார்சி. அதற்கு முன் ஜார்ஜியா டாம் என்ற பெயரில் பச்சையான ப்ளூஸ் என்ற உலகப் பாட்டுகளைப் பாடியவர். அந்த வாடை அடிக்கிறது என்று பல சபைகள் அவருக்குக் கதவைச் சாத்தின. 1932ல் பிரசவத்தில் மனைவியையும், அப்போது பிறந்த குழந்தையையும் பறிகொடுத்த துக்கத்தில் அவர் எழுதிய பாட்டு இன்று எத்தனையோ அடக்க ஆராதனைகளில் பாடப்படுகிறது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை: தாளம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்துப் பாட்டை எடைபோடக் கூடாது.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. பாட்டில் 'காட்' என்று வந்துவிட்டால் அது நம் ஆண்டவர்தான் என்று நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். 1964ல் ஹார்லெமில் தோன்றிய ஃபைவ் பர்சென்ட் நேஷன் என்ற இயக்கம், கறுப்பின ஆண்களே கடவுள் என்று போதித்தது. ராக்கிம், வூ டாங் கிளான் போன்ற ராப் கலைஞர்களின் பாட்டில் 'காட்' என்று ஒருவரையொருவர் அழைப்பது அங்கிருந்து வந்த பழக்கம். அதே போல, கழுத்தில் சிலுவை தொங்குவதும் விருது மேடையில் முதல் நன்றி இயேசுவுக்குப் போவதும் அந்த ஊரில் வளர்ந்தவர்களுக்குப் பழக்கதோஷமாகவும் இருக்கலாம், உள்ளத்திலிருந்தும் வரலாம். அதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

இதைவிட ஆபத்தானது, பிரபலம் ஒருவர் மனந்திரும்பிய மறுநாளே அவரைப் பிரசங்க பீடத்தில் ஏற்றிவிடுவது. 2019 அக்டோபரில் ராப் பாடகர் கான்யே வெஸ்ட் முழுக்க முழுக்க இயேசுவைப் பற்றி ஒரு ஆல்பம் வெளியிட்டார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு எத்தனை அல்லேலூயா! 2022ல் அவர் யூதர்களைப் பற்றி வெறுப்பைக் கக்கியபோது அதே குழுவில் ஒரு சத்தமும் இல்லை. புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவரைச் சபைக் கண்காணியாக வைக்காதே என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது இதற்குத்தான். கூட்டத்தைக் காப்பாற்ற மட்டும் இல்லை, அந்த மனிதரையும் காப்பாற்ற.

சரி, டிஎம்எக்ஸ். இவர் விஷயத்தில் நாம் செய்கிற தவறு, விழுகிறவரின் விசுவாசத்தைப் பொய் என்று தீர்ப்பதுதான்.

இயற்பெயர் ஏர்ல் சிம்மன்ஸ். யாங்கர்ஸ் நகரத்தின் ஏழைக் குடியிருப்பில் அடியும் உதையுமாக வளர்ந்தவர், சிறுவர் இல்லங்களில் காலம் கழித்தவர். 14 வயதில், தான் மிகவும் மதித்த ஒருவர் கிராக் கலந்த சிகரெட்டைச் சொல்லாமல் கையில் கொடுத்ததை, இறப்பதற்கு முந்தைய ஆண்டு ஒரு பேட்டியில் சொல்லும்போது உடைந்து போனார். 1998 மே மாதம் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டில் பிசாசு நண்பனைப்போல் வந்து ஆசை காட்டுகிறான். இன்னொன்றில் ஆண்டவர் பதில் பேசுகிறார். இவற்றோடு அந்த ஜெபமும் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் வந்த இரண்டாவது ஆல்பமும் முதலிடத்தைப் பிடித்தது. அதிலும் ஜெபம் இருந்தது. 1999ல் உட்ஸ்டாக் இசைவிழா மேடையில், வெறிகொண்டு ஆடிய அத்தனை பெரிய கூட்டத்தின் முன்னால் நின்று ஜெபம் செய்தார்.

அதற்காக அவர் திருந்திவிட்டாரா? இல்லை. போதை விடவில்லை, சிறைக்குத் திரும்பத் திரும்பப் போனார். 2021 ஏப்ரல் 9 அன்று 50 வயதில் இறந்தார். அடுத்த மாதம் வெளியான ஆல்பத்தின் கடைசிப் பதிவும் ஒரு ஜெபம்.

சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று கத்துகிறவன் அடுத்த வரியில் துதிக்கிறான், அதற்கடுத்த சங்கீதத்தில் மறுபடியும் குழிக்குள் கிடக்கிறான். நாம் அதை ஞாயிற்றுக்கிழமை மாறி மாறி வாசித்துவிட்டு, ஒரு ராப் பாடகர் அதே மாதிரி கத்தினால் நடிப்பு என்கிறோம். அந்தப் பையனிடம், "அது ஜெபம்தான். அந்த ஆல்பத்தில் வருகிற மற்றதெல்லாம் சரி என்று அர்த்தமில்லை. அவரே சரி என்று நினைத்திருந்தால் ஜெபித்திருக்க மாட்டார்" என்று சொன்னேன்.

இரட்சிக்கப்பட்டவர் ராப்பை விட்டுவிட வேண்டுமா, விடாவிட்டால் பின்மாற்றமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டை தைப்பதுதான் இங்கே தவறு. மேஸ் என்ற ராப் பாடகர் புகழின் உச்சியில், 1999ல், விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போனார். 2004ல் மறுபடியும் பாட வந்தார். லெக்ரே என்ற இன்னொரு ராப் பாடகர் விடவே இல்லை. சுவிசேஷத்தைக்குறித்து வெட்கப்படேன் என்ற ரோமர் 1:16ஐத் தன் கூட்டத்துக்கே பெயராக்கினார். 2014ல் அவருடைய ஆல்பம் அமெரிக்காவின் பொதுப் பட்டியலிலும் காஸ்பல் பட்டியலிலும் ஒரே வாரத்தில் முதலிடம் பிடித்தது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் மாலிஸ். வர்ஜீனியாவைச் சேர்ந்த இவரும் தம்பி புஷா டியும் கிளிப்ஸ் என்ற பெயரில் போதை வியாபாரத்தைப் பாடியே பேர் வாங்கியவர்கள். 2009ல் அவர்களுடைய மேனேஜர் போதைக் கடத்தல் வழக்கில் கைதானார். மாலிஸ் விசுவாசத்துக்கு வந்தார், தம்பியோடு பாடுவதை நிறுத்தினார், 'வன்மம்' என்று பொருள்படும் தன் பெயரை 'நோ மாலிஸ்' என்று மாற்றிக்கொண்டார். தம்பி பழைய பாதையிலேயே போனார். அண்ணன் தம்பி உறவை இருவரும் விடவில்லை. 2025 ஜூலையில் இருவரும் சேர்ந்து மறுபடியும் ஆல்பம் வெளியிட்டபோது, மாலிஸ் பழைய பெயரோடு வந்தார். "பாருங்கள், போய்விட்டார்" என்று சில விசுவாசிகள் உடனே எழுதினார்கள். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு, இறந்துபோன அம்மாவையும் அப்பாவையும் பற்றியது. தம்பி அம்மாவைப் பாடுகிறார், அண்ணன் அப்பாவை. அந்த ஆண்டு செப்டம்பரில் அதை வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்திலேயே பாடினார்கள். மாலிஸைப் பற்றி எதையும் சொல்லும் முன், அப்பாவைப் பற்றி அவர் பாடுகிற அந்தப் பகுதியை ஒரு முறை முழுதாகக் கேளுங்கள்.